அறுபத்திரண்டாவது கொட்டான்

எங்கள் துறையில் மண்ணுக்கு ஏழ்மைச் சான்றிதழ் கொடுப்போம். மனிதர்களுக்குக் கொடுப்பதைவிட இது எளிது. மண் வரிசையில் நின்று மயங்கி விழாது. அமைச்சர் வீட்டு டிரைவரைத் தெரியும் என்று சொல்லாது. சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் புது பைக்கில் வந்து ஹாரன் அடிக்காது.

நான் மண் அறிவியல் படித்தவன். நான்கு ஆண்டுப் படிப்பை ஐந்து ஆண்டுகளில் முடித்தேன். ஒரு ஆண்டு கூடுதலாகப் படித்தவனுக்கு ஒரு சலுகையும் கிடையாது என்பது இந்த நாட்டில் கல்விக்கு இருக்கும் மரியாதையைக் காட்டுகிறது. வேலையின் பெயர் 'மண் வறுமைத் தணிக்கையாளர்'. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'தற்காலிகம்' என்று போட்டிருப்பார்கள். தற்காலிகம் நானா, வறுமையா என்று நியமன ஆணையில் விளக்கவில்லை.

ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக வருத்தம் மட்டும் வழங்கப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. சோறு விளையக்கூடிய ஒரு சென்ட் நிலத்தில்கூட எரிபொருள் விளைவிக்கக் கூடாது. நியாயமான சட்டம். படித்தபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் வண்டிகளும் ஓடியாக வேண்டும். அதனால் வேறு எதற்கும் உதவாத மண்ணில் மட்டும் சீனிச்சோளம் போடலாம் என்றார்கள். கரும்பு மாதிரித் தண்டெல்லாம் இனிக்கும் சோளம். தட்டையை அறுத்து ஆலைக்கு அனுப்பினால் சாறு பிழிந்து, புளிக்க வைத்து, எரிசாராயமாக்கி வண்டிக்கு ஊற்றிவிடுவார்கள். கரும்பு குடிக்கும் தண்ணீரில் கால்வாசி போதும்.

மண்ணுக்கு நூறு மதிப்பெண். நாற்பதுக்கு மேல் எடுத்தால் அது உணவு நிலம். அரசின் உணவுப் படை வந்து வேலி போட்டு இயந்திரங்களை இறக்கும். அங்கிருந்த ஆட்களை நகரத்து ஓரத்தில் பதினான்கு மாடிக் கட்டடத்தில் ஏற்றிவிடும். நாற்பதுக்குக் கீழே என்றால் ஏழை மண். சீனிச்சோளம் போட்டுக்கொண்டு அங்கேயே பிழைக்கலாம். பத்துக்குக் கீழே ஒரு பிரிவு இருந்தது. அதைப் பாடத்தில் நடத்தியபோது நான் வகுப்பில் இல்லை.

எனக்குக் கொடுத்த ஊர் ஒத்தமுள்விளை. திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். குங்குமத்தைக் கொட்டிவைத்தது போல மைல் கணக்கில் சிவந்த மணல். காற்றடித்தால் மேடு இடம் மாறி உட்காரும். கிழக்கே நான்கு மைலில் உப்பளம். அறுபத்தொரு வீடு, அறுபத்தொரு வயல், வயலுக்கு ஒரு கருவி. இடுப்பளவு இரும்புக் குழாய், தலையில் சூரியத் தகடு, மண்ணுக்குள் இரண்டடி உணர்முனை. ஈரம், உப்பு, சத்து எல்லாவற்றையும் அளந்து வியாழக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்குச் செயற்கைக்கோளுக்கு மதிப்பெண்ணை அனுப்பிவிடும். ஊர்க்காரர்கள் அதற்கு 'ஒத்தக்கால் தாசில்தார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பேசாது, அசையாது, அது நினைத்தால் ஊரைக் காலி பண்ணிவிடும். பொருத்தமான பெயர்தான்.

முதல் நாள் சங்கத் தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சி என்னைக் கட்டடத்துக்குள் கூட்டிப்போனார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் நான்கு பேனா, நான்கும் எழுதாது.

"சார், எங்க ஊரு மண்ணு மாதிரி ஒரு தரித்திரம் புடிச்ச மண்ண நீங்க எங்கயும் பாக்க முடியாது," என்றார் பெருமையாக. "போன காலாண்டுல சராசரி முப்பத்தொண்ணு. அதுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

"என்ன பாடு அண்ணாச்சி?"

"இன்னா, செவத்துல இருக்குல்லா."

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு தாள் மாட்டியிருந்தார்கள். மேலே மஞ்சள், குங்குமம். 'ஏழை மண்ணை ஏழையாகவே வைத்திருக்க ஏழு வழிகள்' என்று தலைப்பு.

எனக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாம் ஆண்டு விடுதிச் சுவர்ப் பத்திரிகையில் அதை எழுதியவன் நான். சட்டத்தைக் கிண்டல் செய்து ஒரு மதிய நேரத்தில் எழுதியது. 'வழி ஒன்று: தாசில்தாரின் காலடியில் ஒரு கொட்டான் உப்பைக் காணிக்கையாக வைக்கவும், மதிப்பெண் தானே குறையும். வழி இரண்டு: மண்ணுக்கு முன் நின்று தேர்தல் அறிக்கையைச் சத்தமாக வாசிக்கவும், நம்பிக்கை இழந்துவிடும். வழி மூன்று: மண்புழுக்களுக்கு வெளிநாட்டு விசா வாங்கிக் கொடுக்கவும்.' இப்படியே ஏழு. கொட்டான் என்றால் சின்ன ஓலைப்பெட்டி; தாசில்தார் என்று நான் எழுதியது நிஜத் தாசில்தாரை. எவனோ படமெடுத்திருக்கிறான், எவனோ அனுப்பியிருக்கிறான், கை மாறிக் கை மாறி வந்ததில் பெயர் மட்டும் உதிர்ந்துபோயிருந்தது.

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். உடனே இருமலாக மாற்றிக்கொண்டேன்.

"மொத வழி நல்லா கேக்குது சார்," என்றார் அண்ணாச்சி. "எந்த வயல்ல நம்பரு ஏறுதோ அந்த வயக்காரரு ஒரு கொட்டான் உப்ப தாசில்தாரு காலடியில கொட்டிருவாரு. நாலு அஞ்சு எறங்கிரும். ரெண்டாவதும் செஞ்சி பாத்தோம்."

"எது, தேர்தல் அறிக்கையா?"

"நான்தான் வாசிச்சேன். ரெண்டு கச்சியோடதும். அதுல அரை மார்க் கொறஞ்சிது. மூணாவதுக்குத்தான் எங்க அப்ளிகேசன் போடணும்னு தெரியல. உங்க ஆபீசுல கேட்டுச் சொல்லுங்க."

அது கிண்டல், நான்தான் எழுதினேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் பயம் என்று பிற்பாடு பலரிடம் சொன்னேன். உண்மையில் அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் நான் எழுதிய ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் அவர்கள் மட்டும்தான். கதவோரம் ஒரு பெண் தண்ணீர்ச் செம்போடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பை வாங்கிக் குடித்தேன். இளநீரில் பாதி இனிப்பு. தேரிக்காட்டில் இப்படியொரு தண்ணீரா என்று இன்னொரு செம்பு கேட்டேன்.

அவள்தான் பட்டுக்கனி அக்கா. பதினேழாம் வயல் அவளுடையது. அந்தத் தண்ணீரும் அவள் கிணற்றுத் தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் மற்றதெல்லாம் உவர். இது ஒன்றுதான் நல்ல தண்ணீர். அறுபத்தொரு வீட்டுக் குடமும் அங்கேதான் வரும்.

மூன்று மாதம் நன்றாகப் போனது. காலையில் தாசில்தார்களின் தகட்டைத் துடைப்பேன். மதியம் ஏதாவது ஒரு வீட்டில் சாப்பாடு. அறுவடைக்கு நான்கு நாள் முன்னால் தட்டையை ஒடித்துக் கரும்பு போலக் கடித்துக்கொண்டு வரப்பில் நடப்பேன். பிறகு மே மாதம் ஒரு வியாழக்கிழமை பதினேழாம் வயலின் மதிப்பெண் வந்தது. 39.4.

மறுநாள் காலை பட்டுக்கனி அக்கா கிணற்றடியில் என்னை நிறுத்தினாள். உறை வைத்த கிணறு. கிணற்றிலிருந்து பதினைந்து எட்டில் அவள் வயலின் தாசில்தார் நின்றுகொண்டிருந்தார்.

"சார், முப்பத்தொம்பதுங்காவளே. அடுத்த வியாழன் என்னாகும்?"

"நாற்பதைத் தாண்டும் அக்கா. அடுத்த வியாழன்தான் காலாண்டுக் கணக்குக்கு எடுப்பாங்க."

"என் வயல் ஒண்ணு தாண்டுனா?"

"ஒண்ணு தாண்டினாலும் மொத்த ஊரும் ஒரே தொகுதி. எல்லாரையும் எடுத்துருவாங்க. மேலப்புதுவிளையில அப்படித்தானே நடந்தது."

மேலப்புதுவிளை பக்கத்து ஊர். 41 எடுத்தது. இப்போது அங்கே வேலிக்குள் கத்திரிக்காய் காய்க்கிறது. நல்ல காய் என்று கேள்வி. ஊர்க்காரர் ஒருவர் பார்க்கப் போனபோது வேலிக் கதவு அவர் முகத்தைப் படம் பிடித்து, 'அனுமதிக்கப்படாத உயிரினம்' என்று அறிவித்ததாம். பன்றிகளுக்காக வைத்த ஏற்பாடு. கதவுக்கு வித்தியாசம் சொல்லித்தரவில்லை.

"நான் அப்படி என்ன சார் செஞ்சிட்டேன்? ஒரு புடி உரம் போடலியே?"

"தட்டைதான் அக்கா செய்யுது. இந்த ரகத்தோட வேர் பத்தடி ஆழம் போகுது. போற வழியெல்லாம் கொஞ்சம் சீனியைக் கசிய விடுது. அதைத் தின்ன மண்ணுக்குள்ள கோடிக்கணக்குல நுண்ணுயிர் வருது. அது வாழ்ந்து செத்து, மணல்ல சத்து சேருது. மணல் ஒட்டிக்கிட்டு ஈரத்தைப் பிடிக்குது. ரெண்டு மூணு வருசத்துல பொட்டல் வயலாயிரும்."

"அப்போ நல்லா வெள்ளாம வச்சதுக்குத் தண்டனையாக்கும்."

"நல்ல பயிருக்குத் தண்டனை. நீங்க பக்கத்துல நின்ன ஆளு."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க நம்பர மாத்தி எழுத முடியாதா?"

"நம்பரை நான் எழுதுறதில்ல. தாசில்தார் நேரா மேலே பேசிருவார். அவர் உசுரோட இருக்காரான்னு பாக்குறதுதான் என் வேலை. பிடுங்கிப் போட்டாலும் நாற்பதுன்னுதான் எடுத்துக்குவாங்க."

"மத்த எல்லா வயல்லயும் உப்பு வச்சாச்சி," என்றாள். "நான் மட்டுந்தான் வைக்கல. எல்லாரும் தண்ணி கோருத கிணறு. அங்கன எப்படி வைக்க?"

கயிற்றை இழுத்து வாளியை மேடையில் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு தோண்டுன கிணறு சார். நாப்பத்தோரு அடியில மண்ணு சரிஞ்சி அவரு போயிட்டாரு. தூக்கிப் போட்ட பெறவு மூணாம் நாளு ஊர்ல நாலு பேரு எறங்கி ரெண்டடி தோண்டுனாவ. நாப்பத்து மூணுல தண்ணி. ரெண்டே ரெண்டடி." வாளியை ஒரு குடத்தில் கவிழ்த்தாள். "அந்தப் பேப்பர்ல ஒரு கொட்டான்னு எழுதியிருக்கு. நீங்க மண்ணு படிச்சவுக. சொல்லுங்க. ஒரு கொட்டான் இங்கன வச்சா, நம்பரும் எறங்கி, தண்ணியும் பொழைக்குமா?"

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. அந்தத் தாள் வெறும் கேலி என்று சொல்வது ஒன்று. நான் இரண்டாவதைச் செய்தேன். வரப்பில் உட்கார்ந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். மூன்று கிலோ உப்பு, மணல் வாட்டம், கிணற்றுத் தூரம், தண்ணீர் அளவு எல்லாம் போட்டேன். கல்லூரியில் ஐந்து ஆண்டும் இவ்வளவு அக்கறையாக எதையும் நான் செய்ததில்லை. மதிப்பெண் ஐந்து குறையும். கிணற்றில் வித்தியாசம் நாக்குக்குக்கூடத் தெரியாது. மூன்றாம் ஆண்டில் வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறேன். அது அறிவியலாகவே இருந்திருக்கிறது. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

"ஒரே ஒரு கொட்டான் அக்கா. மொத்தமே ஒண்ணு. கிணறு பொழைச்சிரும்."

"ஒண்ணு," என்றாள்.

"ஒண்ணுதான்."

அவள் தலையாட்டினாள். அதில் எந்தக் குழப்பமும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நடந்ததைக் கேட்டவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்களுக்குப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறார்கள். நன்றாகப் புரிந்தது.

திங்கட்கிழமை நான் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். 'பணியில் மகிழ்ச்சி' என்று நான்கு நாள் பயிற்சி. வராதவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வியாழன் காலை பதினொன்றரைக்கு, கண்ணை மூடிக் கடலலையை நினைத்துக்கொள்ளச் சொன்ன நேரத்தில், மண்டல அதிகாரி என் தோளைத் தட்டி வெளியே கூப்பிட்டார். சந்திரவதனி மேடம். எதற்கும் குரல் உயர்த்தாதவர்.

"ஒத்தமுள்விளை உங்க ஊர்தானே ஆசீர்?"

"ஆமா மேடம். நாற்பதைத் தாண்டிருச்சா?"

"இல்ல. பதினேழாம் வயல் 9.8."

கருவி கெட்டிருக்கும் என்றேன். சரிபார்த்தாயிற்று என்றார். 39 எப்படி ஒரே வாரத்தில் ஒன்பது ஆகும் என்றேன். அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

"சரி மேடம், நாற்பதுக்குக் கீழதானே. ஏழை மண்தானே?"

"பத்துக்குக் கீழே ஏழை மண் இல்ல ஆசீர், செத்த மண். செத்த மண்ணுல எந்தப் பயிரும் போடக் கூடாது. நீங்க படிச்சிருப்பீங்களே." கையிலிருந்த மின்பலகையில் எதையோ விரலால் தள்ளினார். "கடல்நீரைக் குடிநீராக்குற ஆலையிலேர்ந்து வர்ற உப்புக் கழிவை விட இடம் தேடிட்டிருந்தாங்க. செத்த மண் இருக்கிற தொகுதியை முழுசா எடுத்துக்கலாம்னு விதி. ரொம்ப நாளா அந்தப் பட்டியல்ல ஒரு ஊரும் வரல. இன்னிக்கு வந்திருச்சு."

"மேல்முறையீடு?"

"செய்யலாம். பதினஞ்சு நாளைக்குள்ள மண் தானா தேறினா, அந்த நம்பரை இணைச்சு விண்ணப்பிக்கணும்." கதவைக் காட்டினார். "உள்ள போங்க. கடலலை முடியலையே இன்னும்."

வெள்ளிக்கிழமை மதியம் ஊருக்குப் போய் இறங்கினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. தங்கப்பழம் அண்ணாச்சி சங்கக் கட்டடத்தில் தனியாக உட்கார்ந்து நான்கு பேனாவையும் ஒவ்வொன்றாகத் தாளில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முறையீடு எழுதப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"ஒத்த கொட்டான்னுதானே சொன்னேன் அண்ணாச்சி," என்றேன்.

"ஒத்த கொட்டான்தான் சார். ஆனா யாரு கொட்டான்?" என்றார். "நல்ல தண்ணிக் கெணத்துல உப்பு வைக்க பழி சாதாரணமா? பட்டுக்கனி, என் ஒத்தக் கையால வைக்க மாட்டேன்னுட்டா. அதும் நியாயம். புருசனக் குடுத்த கெணறு. வேற யாரு வைப்பா? என்னைய வைக்கச் சொன்னாவ. என் பேரப்புள்ளைய இருக்கு சார், நான் மாட்டேன்னேன். நீங்க டவுனுக்குப் போன பெறவு கூட்டம் போட்டுப் பேசுனோம். கடைசியில, பழி ஒரு வீட்டு மேல நிக்கக் கூடாது, கோயில் கொடைக்கு வீட்டுக்கு ஒரு கொட்டான் அரிசி கொண்டாந்து ஒரே பானையில போடுதோம்லா, அதே மாதிரி போட்டுருவோம்னு முடிவாச்சி."

கொடைத் திருவிழாவுக்கு அரிசி கொண்டுவரும் கொட்டானை நான் பார்த்திருக்கிறேன். புது ஓலையில் முடைந்து, வெளியே சுண்ணாம்பால் வீட்டுப் பெயரை எழுதுவார்கள். சாமிக்கு வைத்த கொட்டானைத் திரும்ப எடுத்துப் போக மாட்டார்கள். எந்த வீட்டுக் கொட்டானாவது விட்டுப்போனால் அடுத்த வருடக் கொடை வரை அந்தத் தெருவில் பேச்சுவார்த்தை இருக்காது.

"வீட்டுக்குக் கொஞ்சமா ஒரு சிட்டிகை வச்சிருக்கலாமே?"

"கொற கொட்டான் கொண்டாரலாமா சார்?" என்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நெறைஞ்ச கொட்டான்தான் பங்கு. கொறைச்சுக் கொண்டாந்தா பழிய அடுத்தவன் தலையில கட்டுதான்னுல்லா அர்த்தம்."

திங்கட்கிழமை சாயங்காலம் வரிசையாக வந்து வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அரைமணி நேரம் கோடை மழை. நான் கணக்கில் போட்ட மணல் வாட்டம் சரிதான்; ஆனால் பத்தடி வேர் ஓடிய துளைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. தட்டை மூன்று வருடமாகத் தண்ணீருக்குப் போட்டுவைத்த பாதை. அதில் உப்பு, உணர்முனையையும் தாண்டி, நேராகக் கிணற்றுக்கே இறங்கியது.

பதினேழாம் வயலில் அறுத்த கட்டையிலிருந்து துளிர்த்த மறுதாம்புத் தட்டை சாம்பல் நிறத்தில் சுருண்டு நின்றது. வாடிய இளஞ்சோளத்தில் விஷம் ஏறும். அதை ஆடு மாடு தின்னக் கூடாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆட்டுக்குத் தெரியாது. பட்டுக்கனி அக்காவின் இரண்டு வெள்ளாடுகள் வரப்பில் கிடந்தன. அவள் மண்வெட்டியோடு குழி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு மண்வெட்டியை எடுத்தேன். குழி ஆழமாகும் வரை இருவரும் வெட்டினோம்.

பிறகு அவள் போய் ஒரு வாளி இறைத்து, செம்பில் மோந்து என்னிடம் நீட்டினாள். முதல் நாள் நீட்டிய அதே செம்பு. வாயில் வைத்ததும் உப்புக் கரித்தது. துப்பத் தைரியம் இல்லை. முழுவதும் குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்தத் தாள்..."

"நீங்க எழுதுனது."

மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"வந்த அன்னைக்கே தெரியும் சார். இந்த ஊர்ல அதப் பாத்து ஒருத்தரும் சிரிச்சது கெடயாது. ஆபீசரு நாலு பேரு வந்து பாத்துட்டுப் போயிருக்காவ. அவ்வோளும் சிரிக்கல, எழுதிட்டுத்தான் போனாவ. நீங்கதான் சிரிச்சிய. சிரிச்சிட்டு இருமுனிய." ஆட்டின் காலைப் பிடித்துக் குழிக்குள் இறக்கினாள். "எழுதுனவரே வந்து கணக்குப் போட்டுச் சொல்லுதாரேன்னுதான் நம்புனேன். இல்லன்னா கெணத்துப் பக்கத்துல உப்பக் கொண்டாற விட்டிருப்பேனா?"

"விளையாட்டா எழுதினது அக்கா."

"ம்," என்றாள். "எங்களுக்கு வெளையாட்ட யாரும் அனுப்பி வைக்கதில்ல சார். தாளா வந்தா உத்தரவுன்னுதான் நெனைப்போம்."

"நீங்களும் வச்சீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வைக்காம? எனக்குப் பொறவுதான் மத்தவுக. மொதக் கொட்டான் நானுதான் வச்சேன்." மண்ணைத் தள்ளத் தொடங்கினாள். "எங்க வீட்டுப் பங்கு விட்டுப்போவலாமா?"

பதினைந்தாம் நாள் மூன்று பேருந்துகள் வந்தன. பதினான்கு மாடிக் கட்டடத்தில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும் என்று ஓட்டுநர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கடல்நீரை ஆலையில் சுத்தப்படுத்தி அனுப்பும் தண்ணீர். அதன் உப்புக் கழிவு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார், நல்ல மனிதர். தங்கப்பழம் அண்ணாச்சி சட்டம் போட்ட தாளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அங்கேயும் தேவைப்படும் என்று நினைத்தாரோ என்னவோ. பட்டுக்கனி அக்கா கடைசியாக ஏறினாள். கிணற்று வாளியையும் கயிற்றையும் கையில் வைத்திருந்தாள். அவளுக்கு ஒதுக்கிய பதினோராம் மாடிக்குக் கயிறு நீளம் போதாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்தப் பழக்கம் எனக்கு அந்த வாரம்தான் வந்தது.

பேருந்துகள் போன பிறகு என் கடைசி வேலை, அறுபத்தொரு தாசில்தார்களையும் பிடுங்கிக் கட்டிவைப்பது. அரசாங்கச் சொத்து. பதினேழாம் வயலைக் கடைசியாக விட்டிருந்தேன்.

கருவியைச் சுற்றி ஓலைக்கொட்டான்கள் வட்டம் வட்டமாகக் கவிழ்ந்துகிடந்தன. கொடை வழக்கப்படி யாரும் திரும்ப எடுத்துப் போகவில்லை. மழையில் ஊறி வெயிலில் காய்ந்து ஓலை விறைத்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினேன். சுண்ணாம்புப் பெயர்கள் பாதி அழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. முதல் கொட்டான் பட்டுக்கனி. தங்கப்பழம். கீழத்தெரு வீடுகள். மேலத்தெரு வீடுகள். அறுபத்தொன்று வரை எண்ணிவிட்டுக் கருவியின் கழுத்தைப் பிடித்தேன். காலுக்குப் பின்னால் இன்னும் ஒன்று இருந்தது.

அவசரத்தில் எழுதியது போல இல்லை. நிதானமாக, பெரிய எழுத்தில், அழியாதபடி இரண்டு முறை தடவி எழுதியிருந்தார்கள். 'ஆசீர் சார் வீடு.'

எனக்கு அந்த ஊரில் வீடு கிடையாது. பழியில் பங்கு இல்லாமல் என்னை மட்டும் விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. கொட்டானின் அடியில் கொஞ்சம் உப்பு கட்டியாக ஒட்டியிருந்தது. நிறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

39.4 எடுத்த மண் 9.8க்கு வந்திருக்கிறது. பத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தால் ஊர் இருந்திருக்கும். அறுபத்திரண்டு கொட்டானுக்கு இவ்வளவு இறங்கினால் அறுபத்தொரு கொட்டானுக்கு எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கண்டுபிடிக்க நோட்டுகூட வேண்டாம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. விடை 10.3.

கருவியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டேன். பதினொரு மணி ஆகியிருந்தது, வியாழக்கிழமை. மண்ணிலிருந்து வெளியே வந்த பிறகும் அது ஒருமுறை மினுங்கி, என் தோளை அளந்து, எதையோ மேலே அனுப்பியது.